அமானித நிதியும் எத்தீம் பிள்ளைகளும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கடை தீப்பற்றியது, நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்தது, கடலில் படகு முழுகியது என்று செய்தி வந்தால், அன்றைக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலேயே பட்டியல் எழுதிப் பணம் திரட்டிவிடுவது நம் வியாபாரச் சமூகத்தாரின் வழக்கம். 1988ஆம் ஆண்டு ஜூலை 31ந் தேதி பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்து 32 பேர் மாண்டனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ந் தேதி எழுந்த ஆழிப்பேரலை பினாங்குக் கரையில் 50க்கு மேற்பட்டோரையும், நம்மில் பலருக்குப் பூர்வீகமான நாகப்பட்டினம் ஜில்லாவில் 6,000க்கு மேற்பட்டோரையும் கொண்டு போயிற்று. இவ்வாறான பெருந்துயர் ஆனாலும், ஒரே கடையில் ஒரே ஒருவர் மௌத்தானதானாலும், பின்னால் நிற்பவர்கள் ஒரே மாதிரியானவர்களே: ஒரு தாய், சில பிள்ளைகள், வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரர்.

பணம் திரட்டுவது பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. திரண்ட பணத்தை என்ன செய்வது என்பதே இந்த இதழின் பாடமாகும். சுருங்கச் சொன்னால் அது இதுதான்: துயரப்பட்ட குடும்பத்துக்காக வந்த நிதியின் ஆயுளை, நம் இரக்கம் நீடிக்கும் நாட்களைக் கொண்டு நிர்ணயிக்கக் கூடாது, அக்குடும்பத்தின் கடைசிப் பிள்ளை ஆளாகும் ஆண்டைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும்.

1. ஜஅஃபர் (ரலி) அவர்கள் வீட்டில் கண்ட முன்மாதிரி

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 629ல் நடந்த முஃதா யுத்தத்தில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களும் சிறு பிள்ளைகளும் மதீனாவில் இருந்தனர். செய்தி வந்ததும் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் செய்த முதற் காரியம், அந்த வீட்டாருக்கு உணவு சமைத்தனுப்பும்படி மற்றவர்களுக்குக் கட்டளையிட்டதாகும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அடுப்பு மூட்ட மனம் இராதல்லவா?

நம்மில் பெரும்பாலோர் இந்த ஹதீஸை அறிவோம். இதற்குப் பின் நடந்ததை இமாம் அஹ்மத் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூன்று நாள் கழிந்த பின் ரசூல் (ஸல்) அவர்கள் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றார்கள். பிள்ளைகளை வரவழைத்து, அவர்களுக்கு முடி களையச் செய்தார்கள். மகன் அப்துல்லாஹ்வின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும்படி துஆச் செய்தார்கள். பிள்ளைகள் அநாதைகளாகிவிட்டதைத் தாயார் முறையிட்டபோது, இம்மையிலும் மறுமையிலும் இவர்களுக்குத் தாமே பொறுப்பாளர் என்று அறிவித்தார்கள்.

இதில் இரண்டு உதவிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று அன்றைய உணவு. மற்றொன்று பிள்ளை பெரியவனாகித் தன் கையால் வாங்கி விற்கும் நாள் வரையில் நீளும் பொறுப்பு. முதல் உதவியை நம் சங்கங்கள் குறையின்றிச் செய்கின்றன. இரண்டாவது உதவிக்கு ஏற்பாடும் கணக்கும் பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். நிர்வாகம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

2. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள். ஆகவே பேரேட்டு முறையிலேயே இதைப் பார்ப்போம். இது உதாரணக் கணக்கு. எந்தக் குடும்பத்தையும் குறித்ததன்று.

ஒரு விபத்தில் இரண்டு தகப்பன்மார் மௌத்தாகிவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் 17, 12, 6 வயதில் மூன்று பிள்ளைகள். இரண்டாம் வீட்டில் 9, 3 வயதில் இரண்டு பிள்ளைகள். சங்கம் 120,000 வெள்ளி திரட்டியிருக்கிறது. தொகை மலை போலத் தெரிகிறது. அதை மூன்று பங்காகப் பிரிப்போம்.

முதற் பங்கு, உடனடிச் செலவு. கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தாக் காலம் 4 மாதமும் 10 நாளும் ஆகும் என்பது சூரத்துல் பகராவின் 234ஆம் ஆயத்தில் உள்ள சட்டம். அந்நாட்களில் அவர் வேலை தேடி வெளியே அலைய முடியாது. எனவே 5 மாத வீட்டுச் செலவை முன்னதாகவே ஒதுக்கிவிட வேண்டும். வீட்டுக்கு மாதம் 1,500 வெள்ளி வீதம் இரு வீட்டுக்கும் 15,000 வெள்ளி. வாடகைப் பாக்கி, பள்ளிக் கட்டணம், எதிர்பாராத செலவு இவற்றுக்கு 3,000 வெள்ளி. ஆக 18,000 வெள்ளி.

இரண்டாம் பங்கு, குடும்பம் தன் காலில் நிற்பதற்கான முதல். தாயார் தையலோ பலகாரமோ சிறு கடையோ தொடங்குவதற்கும், தொழில் கற்பதற்கும் வீட்டுக்கு 10,000 வீதம் 20,000 வெள்ளி.

மூன்றாம் பங்கு, பிள்ளைகளின் படிப்பும் வளர்ப்பும். மீதி 82,000 வெள்ளி.

இந்த 82,000ஐ ஐந்தால் வகுத்துத் தலைக்கு 16,400 என்று கொடுத்துவிடுவது சுலபம். ஆனால் 17 வயதுப் பிள்ளைக்கும் 3 வயதுப் பிள்ளைக்கும் ஒரே தொகை என்பது நியாயமாகுமா? ஒவ்வொரு பிள்ளையும் 23 வயதை எட்ட எத்தனை ஆண்டு என்று எண்ணுங்கள். முறையே 6, 11, 17, 14, 20. மொத்தம் 68 ஆண்டுகள். 82,000ஐ 68 ஆண்டுக்குப் பங்கிட்டால், ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 வெள்ளி. அதாவது பிள்ளை ஒன்றுக்கு மாதம் 100 வெள்ளி.

மலை போலத் தெரிந்த தொகை மாதம் 100 வெள்ளியாக இறங்கி வந்துவிட்டது! விலைவாசி ஏற்றத்தை இதில் இன்னும் சேர்க்கவில்லை. கல்லூரிக் காலத்தில் செலவு பலமடங்காகும் என்பதையும் சேர்க்கவில்லை. இக்கணக்கை நிர்வாகஸ்தர்கள் முதல் வாரத்திலேயே போட்டுப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தாமாகவே விளங்கும். நினைவு மண்டபத்துக்கும் விருந்துக்கும் விளம்பரத் தட்டிக்கும் இதில் இடமில்லை என்பது ஒன்று. ஒரு நாள் வசூல் போதாது, மாதாந்திரச் சந்தா வேண்டும் என்பது மற்றொன்று. 50 கடைக்காரர்கள் மாதம் 20 வெள்ளி வீதம் கொடுத்தால் 1,000 வெள்ளி சேரும். ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200 வெள்ளி. முன் சொன்ன 100உடன் சேர்த்து மாதம் 300 வெள்ளியாகிவிடும். பெருந்தொகை கொடுத்து மறந்துவிடுவதைவிடச் சிறுதொகையை விடாது கொடுப்பது இங்கே அதிகப் பலன் தருகிறது.

3. தர்மத்துக்கு முன் உரிமை

பட்டியல் எழுத உட்காருமுன், அக்குடும்பத்துக்குச் சட்டப்படியும் ஷரீஅத்படியும் சேர வேண்டியது என்ன என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, கடையில் மௌத்தானவருடைய பங்கு. அவர் கூட்டாளியாக இருந்திருந்தால், மௌத்தான தேதியில் சரக்கிருப்பு எடுத்து, வரவேண்டிய பாக்கியையும் கொடுக்கவேண்டிய பாக்கியையும் எழுதி, அவர் பங்கு இவ்வளவு என்று நிர்ணயித்துவிட வேண்டும். மூன்று மாதம் தள்ளிப் போட்டால் சரக்கும் மாறிவிடும், ஞாபகமும் மாறிவிடும். எத்தீமின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கை சூரத்துன் னிஸாவின் 10ஆம் ஆயத்தில் இருக்கிறது. எத்தீமின் பங்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதே எத்தீமுக்கு நன்கொடை எழுதுவது எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டாவது, கடன். மௌத்தானவருடைய கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது. அதன் பிறகே வாரிசுப் பங்கு. ஆனால் பிள்ளைகளுக்காக மக்கள் கொடுத்த நிதியிலிருந்து கடன்காரர்களுக்குக் கொடுக்கலாகாது; கொடுத்தவர்களின் நிய்யத்து அதுவன்று. கடன் கொடுத்தவர் சங்கத்து அங்கத்தினராகவே இருந்தால், அவர் அந்நிதியின் கமிட்டியில் அமரக் கூடாது. அவர் உண்மையில் உதவ நினைத்தால், கடனைத் தள்ளுபடி செய்து எழுதிக் கொடுக்கட்டும். அதைவிட மேலான நன்கொடை வேறில்லை. கடனுடன் மௌத்தான ஒருவருக்குத் தொழுவிக்க ரசூல் (ஸல்) அவர்கள் தயங்கி நின்றபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தம் தலையில் ஏற்றுக்கொண்ட செய்தி நமக்குத் தெரிந்ததே.

மூன்றாவது, அரசாங்க வழியில் வர வேண்டியவை. மலேசியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோ, வேலையின்போது விபத்தில் மாண்ட தொழிலாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் தொகை கொடுக்கிறது. பிள்ளைகளுக்கு 21 வயது வரை, பட்டப்படிப்பு படித்தால் அது முடியும் வரை அதில் உரிமை உண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து நம் உணவுக் கடைகளில் உழைக்கும் தம்பிகளின் குடும்பங்களுக்கு இது முக்கியமாகும். ஊழியர் சேமநிதியில் நியமனம் எழுதப்பட்ட முஸ்லிம், அப்பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். பராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளரே என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமானால், மலேசியாவில் அந்தந்த மாநில இஸ்லாமிய சமய மன்றத்துக்கும், சிங்கப்பூரில் முயிஸுக்கும் மனுச் செய்யலாம்.

இந்த மனுக்களை யார் எழுதுவது? இத்தாவில் இருக்கும் தாயார் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க முடியாது. மரணச் சான்றிதழ், நிக்காஹ் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இவற்றின் நகல்களைச் சேகரித்து, மனுவை எழுதி, அவர் வீட்டுக்கே கொண்டு போய்க் கையொப்பம் வாங்கிவரும் ஓர் இளைஞரைச் சங்கம் நியமித்தால், அந்த உழைப்பு பல ஆயிரம் வெள்ளிக்குச் சமம்.

4. வாலிபனை மறந்துவிடாதீர்கள்

பருவமடைந்த பின் எத்தீம் என்ற நிலை இல்லை என்பது ஹதீஸ். இதை வைத்துக்கொண்டு, 16 அல்லது 17 வயது மகனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது நம்மவர் சிலரிடம் காணப்படும் பழக்கம். ‘அவன் ஆண்பிள்ளை, கடைக்குப் போகட்டும்’ என்கிறார்கள். நடப்பது யாதெனில், தம்பி தங்கைகளுக்குப் படிப்பு உதவி கிடைக்கிறது, மூத்தவனுக்கு எஸ்.பி.எம். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது படிப்பு நின்றுவிடுகிறது. தகப்பனை இழந்த துக்கத்தை அவன் ஒருவரிடமும் சொல்வதில்லை. குடும்பம் முழுவதையும் பிற்காலத்தில் தாங்கக்கூடிய கை, குறைந்த சம்பளத்தில் முடங்கிப் போகிறது.

திருக்குர்ஆனின் வழி வேறு. சூரத்துன் னிஸாவின் 6ஆம் ஆயத்து, எத்தீம்கள் பருவமடையும் வரை அவர்களைச் சோதித்துப் பார்த்து, விவேகம் காணப்பட்டால் பொருளை ஒப்படைக்கச் சொல்கிறது. வயது மட்டும் போதாது, பொருளை நிர்வகிக்கும் பக்குவமும் வேண்டும் என்றாகிறது. அப்படியானால் அந்தப் பக்குவத்தை உண்டாக்குவதும் பொறுப்பாளர்களின் கடமையன்றோ?

2021ல் கொரோனா நோயினால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு அரசு ஆளுக்கு ரூ. 5 லட்சம் வைப்பீடு செய்து, 18 வயது நிறைந்ததும் கொடுப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் இந்திய மத்திய அரசு ஏற்படுத்திய திட்டமோ, ரூ. 10 லட்சத்தைக் கொண்டு 18 முதல் 23 வயது வரை மாத உதவியும், 23 நிறைந்ததும் முழுத் தொகையும் கொடுக்கும்படி அமைந்தது. வட்டி முறையில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் இரண்டாவது திட்டத்தில் உள்ள யோசனையை ஏற்றுக்கொள்ளலாம். 18 வயதில் ஒருவன் கையில் பெருந்தொகையை வைத்துவிட்டு விலகிக்கொள்ளாமல், படிப்பும் தொழிலும் அமையும் அந்த ஐந்தாண்டுகளும் அவனோடு கூட நிற்பதே அந்த யோசனை. மேலே நம் கணக்கில் 23 வயது என்று வைத்ததற்கும் இதுவே காரணம்.

எனவே ஒவ்வொரு வாலிபப் பிள்ளைக்கும், தகப்பனை அறிந்த ஒரு மூத்த வியாபாரியைத் துணையாக அமைக்கலாம். மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசட்டும். பள்ளி விடுமுறையில் கணக்கெழுதக் கற்றுக் கொடுக்கட்டும். கூலியில்லா வேலைக்காரனாக அவனை வைத்துக்கொள்ளலாகாது. பெண்பிள்ளைகளின் படிப்புக்கும் இதே முறை. கலியாணத்துக்கு நகை ஒதுக்கிவிட்டுக் கல்லூரிக்கு ஒதுக்காமல் இருப்பது நியாயமன்று.

5. கணக்கும் கட்டுப்பாடும்

நம் முன்னோர் இந்நாடுகளில் ஏராளமான வக்ஃபு சொத்துகளை விட்டுச் சென்றார்கள். பினாங்கு கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் அதற்குச் சாட்சி. ஆனால் தர்மச் சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டதென்று கூறி, அன்றைய நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் 1905ல் முகம்மதிய, இந்து அறக்கட்டளைகளுக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி அத்தகைய சொத்துகளின் நிர்வாகம் வாரியங்களின் கைக்குப் போயிற்று. கொடுத்தவர்களிடம் கஞ்சத்தனம் இருந்ததில்லை. கணக்கு ஒழுங்காக இல்லாத இடத்தில் பிறர் கணக்குப் பார்க்க வருவார்கள் என்பது அந்தச் சரித்திரம் தரும் படிப்பினை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைச் சங்கங்கள் கைக்கொள்ள வேண்டும்.

அ) துயர நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு. சங்கத்தின் வாடகை, மின்சாரம், ஆண்டு விழா இவற்றின் பணம் அதில் கலக்கலாகாது, கடனாகவும் எடுக்கலாகாது. மூவரில் இருவர் கையொப்பமிட்டால் ஒழியப் பணம் வெளியே போகக் கூடாது. அம்மூவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது.

ஆ) ரசீதில் நோக்கத்தை எழுத வேண்டும். எந்தக் குடும்பங்களுக்கு, எதற்காக, மிஞ்சினால் என்ன செய்யப்படும் என்ற மூன்றும் முதல் வேண்டுகோளிலேயே இருக்கட்டும். பிறகு எழும் தகராறுகளில் பாதி இதனால் ஒழியும்.

இ) ஜகாத் என்று சொல்லி வாங்கலாகாது. ஜகாத் வசூலிக்கும் அதிகாரம் மலேசியாவில் மாநில சமய மன்றங்களுக்கும் சிங்கப்பூரில் முயிஸுக்கும் உரியது. சங்கம் பெறுவது ஸதகா என்று ரசீதில் தெளிவாக இருக்கட்டும்.

ஈ) பொது இடங்களிலும் வீடு வீடாகவும் வசூலிக்க இரு நாடுகளிலும் 1947ஆம் ஆண்டு முதலே அனுமதிச் சட்டம் உண்டு. சிங்கப்பூரில் வெளிநாட்டுத் துயரத்துக்காகப் பொதுமக்களிடம் திரட்டுவதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். ஊருக்கு அனுப்பும் நிதியானால் இதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உ) நிதியை எந்த அங்கத்தினருடைய கடையிலும் முதலாகப் போடலாகாது. எத்தீமின் பொருள் ஜகாத்திலேயே கரைந்துவிடாதபடி அதை வியாபாரத்தில் ஈடுபடுத்தச் சொல்லி உமர் (ரலி) அவர்கள் கூறியது இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. பொருளைக் காப்பாற்றுவதே அதன் நோக்கம். அதைப் பணயம் வைப்பதற்கு அது ஆதாரமாகாது. மலேசியாவில் 1983 முதல் இஸ்லாமிய வங்கி இயங்குகிறது. தாபோங் ஹாஜியில் சிறு பிள்ளைகள் பேரிலும் கணக்குத் திறக்கலாம். இத்தகைய பத்திரமான வழிகளே போதும்.

ஊ) பணம் பிள்ளை பேரில் எழுதப்பட்டால் அது பிள்ளையின் சொத்து. ஷாஃபிஈ மத்ஹபின்படி அதில் ஜகாத் உண்டு. ஹனஃபி மத்ஹபின்படி இல்லை. நம் சங்கங்களில் இரு சாராரும் இருப்பதால், எழுதும் முன்னரே ஆலிம்களைக் கேட்டு முடிவு செய்து குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

எ) ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்புவதோடு கடமை தீர்ந்துவிடாது. கொடுத்தவர்கள் கண்ணில் படும்படி அதை ஒட்ட வேண்டும்.

பொறுப்பாளர் கூலி பெறலாமா என்று கேட்பவர்களுக்கு மேற்படி 6ஆம் ஆயத்தே பதில் சொல்கிறது: வசதியுள்ளவர் விலகிக்கொள்ளட்டும், ஏழையானவர் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளட்டும். பொருளை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளவும் அதே ஆயத்து கட்டளையிடுகிறது.

6. மானம்

கணக்கு பகிரங்கமாக இருக்க வேண்டும்; குடும்பம் மறைவாக இருக்க வேண்டும். அறிக்கையில் ‘முதல் குடும்பம், இரண்டாம் குடும்பம்’ என்று எழுதினாலே போதுமானது. எத்தீம் பிள்ளையை மேடையில் ஏற்றிக் காசோலையுடன் படம் பிடிப்பதால் அப்பிள்ளைக்கு என்ன நன்மை? பள்ளிக்கூடத்தில் அது அனுபவிக்கும் கூச்சத்தை எண்ணிப் பாருங்கள். சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்று சூரத்துல் பகராவின் 264ஆம் ஆயத்து எச்சரிக்கிறது.

அன்றியும், தாயாரின் கருத்தைக் கேளாமல் எந்தத் தீர்மானமும் செய்யலாகாது. பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும், குடும்பம் ஊருக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்பவை அவர் சொல்ல வேண்டியவை. நாம் கொடுப்பது உதவி; அதனால் அவர் வீட்டின் அதிகாரம் நமக்கு வந்துவிடாது.

நிர்வாகஸ்தர்கள் சிந்தனைக்கு

அடுத்த காரியக் கமிட்டிக் கூட்டத்தில் இக்கேள்விகளை வாசித்து விடை எழுதிப் பாருங்கள். நம் நிதியில் உதவி பெறும் கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது? அப்பிள்ளை 23 வயதாகும் ஆண்டு எது? அதுவரை பணம் இருக்குமா? மௌத்தானவருடைய கடைப் பங்கு ஒப்படைக்கப்பட்டதா? 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை யாரேனும் படிப்பை விட்டிருக்கிறாரா? இன்றைய பொக்கிஷதார் நாளை மௌத்தானால், கணக்கை எடுத்துப் படித்துப் புரிந்துகொள்ள வேறொருவரால் முடியுமா?

கடைசிக் கேள்வியைக் குறிப்பாகக் கவனியுங்கள். மூன்று வயதுப் பிள்ளை ஆளாகும்போது, இன்று கையொப்பமிடும் நம்மில் எத்தனை பேர் இருப்போமோ அல்லாஹ்வே அறிவான். நாம் போன பிறகும் நம் பேரேடு அப்பிள்ளைக்காகப் பேச வேண்டும். நாளை நம் பிள்ளைகளும் பிறர் எழுதும் கணக்கில் இடம் பெற நேரலாம். அன்று அக்கணக்கு எப்படி இருக்க வேண்டுமென்று விரும்புவோமோ, அப்படியே இன்று நாம் எழுதுவோமாக.

எத்தீமை ஆதரிப்பவர் சுவர்க்கத்தில் தம்முடன் இரு விரல்கள் போல அருகருகே இருப்பார் என்று நன்மாராயம் கூறிய நாயகம் (ஸல்) அவர்களின் அண்மையை, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.